படத்தில் நின்றவர் யார்?

பழைய புகையிரதப் படங்களுக்கு இந்நாளில் மதிப்பு மிகுந்துவிட்டது. கடுகண்ணாவை மலைச்சரிவில் புகை கக்கி ஏறும் இயந்திரம், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம், மேடையில் தொப்பியணிந்து நிற்கும் கனவான்கள் - இவற்றையெல்லாம் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாட்டுகிறார்கள், "அந்தக் காலம் இனி வருமா?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். கந்தளாய்ப் பகுதிப் பாடசாலையொன்றில் நடந்த கண்காட்சியிலும் இதே பெருமூச்சைக் கேட்டோம்.

அதில் கலந்துகொள்ள நாம் மறுக்கிறோம். அங்கே ஒரு படம்: முன்னே வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஒருவர், பின்னே தண்டவாளத்தைத் தோளிற் சுமந்த இருபது பேர். பொறியியலாளரின் பெயர் பட்டத்தோடு எழுதப்பட்டிருந்தது. இருபது பேருக்கும் சேர்த்து ஒரே சொல்: 'கூலிகள்'. நூறாண்டுக்கு முன் எசமானன் எழுதிய அச்சொல்லை, இன்று நம் ஆசிரியர்களே அழகிய கையெழுத்தில் பிரதிசெய்து ஒட்டியிருந்தார்கள்! ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இதைவிட வெட்கம் வேறென்ன வேண்டும்?

"அக்காலக் கருவி மெதுவானது, அசைந்து வேலை செய்வோர் படத்தில் விழமாட்டார்" என்று சிலர் சமாதானம் கூறுவர். கண்டிக்குப் புகையிரதம் சென்ற 1867இல், ஈரத்தட்டுக் காலத்தில், அது ஓரளவு பொருந்தும். 1880களிலோ உலர்தட்டு பரவிவிட்டது. ஓடும் வண்டியையே கணநேரத்தில் பிடிக்க முடிந்தது. 1890இல் தொடங்கிய பிளாத்தே நிறுவனம் போன்றவை படங்களை அஞ்சலட்டைகளாக்கி உல்லாசப் பயணிகளுக்கு விற்றன. அவர்கள் காசு கொடுத்தது மலைக்கும் பாலத்துக்கும். பாறை பிளந்தவனின் முகத்துக்கு அச்சந்தையில் விலையில்லை. கருவியின் மேல் பழிபோடுவது எவ்வகையில் நியாயம்?

இக்குருட்டுத்தனம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1869 மே 10ஆம் நாள், அமெரிக்காவில் கண்டம் கடக்கும் பாதை இணைந்த விழாவை ஆண்ட்ரூ ரசல் படமெடுத்தார். மேற்கிலிருந்து மலை குடைந்து பாதை அமைத்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனத் தொழிலாளரை, புகழ்பெற்ற அப்படத்தில் காண்பது அரிது. 145 ஆண்டுகள் கழித்து, 2014இல், கோர்க்கி லீ என்னும் படப்பிடிப்பாளர் அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களை அதே இடத்தில் நிறுத்திப் படமெடுத்தார். வரலாற்றுப் பிழையைத் திருத்த முடியும் என்பதற்கு அது சான்று.

'கூலிகள்' எனப்பட்டோர் வாய்மூடி நின்றவர்களுமல்லர். 1912இல் இலங்கைப் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1923இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் கொழும்பில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் புகையிரதத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் இனபேதம் பாராது ஒன்றுபட்டனர். இந்தப் போராட்டத்தை எந்த அஞ்சலட்டை காட்டும்?

பெயரை விட்டுவிடுவது அற்பத் தவறென்று எண்ணற்க. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரிடம், "உன் தந்தை இம்மண்ணில் பிறந்ததற்கு ஆவணம் எங்கே?" என்று கேட்டது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவராயினர். எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. உழைக்கும்போது பெயரைக் குறித்துவைக்காத சமுதாயம், உரிமை கேட்கும்போது மட்டும் கடதாசி கேட்கிறது! பாதையோரத்தில் நின்றவனுக்கும் தோட்டத்து லயத்தில் கிடந்தவனுக்கும் நேர்ந்த அநீதி ஒன்றேயல்லவா?

கந்தளாய் வழியே திருகோணமலைக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1927இல். அப்பாதையை இட்டவர் இன்றில்லை. ஆயினும் பாட்டனார் சம்மட்டி பிடித்த கதையை, பாதை காத்த கதையைக் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்களும் முதுமையடைந்து வருகிறார்கள். காலம் நமக்காகக் காத்திராது.

ஆதலின் ஆசிரியத் தோழர்களே, மாணவரை வீடுவீடாக அனுப்புங்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லார் வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்து கேட்கட்டும். பெயர், ஊர், செய்த வேலை, வாங்கிய கூலி அனைத்தையும் எழுதட்டும். அந்தப் பேரப்பிள்ளைகளைக் கந்தளாய் நிலைய மேடையில் நிறுத்திப் படமெடுத்து, பழைய படத்தின் பக்கத்தில் மாட்டுவோம். 'கூலிகள்' என்ற அட்டையை இன்றே கிழித்தெறிவோம். பெயர் கிடைக்காத இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவோம்: "தண்டவாளம் சுமக்கும் தொழிலாளர் இருபது பேர், அவர்களின் பெயரை எவரும் கேட்கவில்லை."