புகை தானாகப் போகாது

நெருப்பிலிருந்து எழும் புகை மேல்நோக்கிச் செல்வது அதன் ஸ்வபாவம் என்றும், கூரைக்கு மேலே ஒரு புகைபோக்கி நின்றுவிட்டால் நிலவறையில் எரியும் கொதிகலன் வெளிவிடுவதெல்லாம் தானாகவே ஆகாயத்துக்குப் போய்விடும் என்றும், போகாமல் திரும்பினால் குற்றம் கொதிகலனுடையதே என்றும், கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் பழைய வீடுகளில் வாழும் ஜனங்களில் பலர் தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை இது. ஆகையால் இதைத் தயவுதாட்சண்யமின்றிக் கண்டிப்பது கடமை என்று கருதுகிறேன்.

புகையை மேலே ஏற்றுவது அதன் ஸ்வபாவமன்று. குழாய்க்குள் உள்ள உஷ்ண வாயு இலேசாகவும் வெளியே உள்ள குளிர்காற்று கனமாகவும் இருப்பதனால், கனத்தது கீழே புகுந்து இலேசானதை மேலே தள்ளுகிறது. இழுவை என்பது இவ்வளவுதான். வெளியே உறைநிலைக் குளிரும் குழாய்க்குள் சராசரி 100 டிகிரி செல்சியஸ் உஷ்ணமும் இருக்கையில், 6 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கி ஒன்று கணக்கின்படி தரக்கூடிய இழுவை ஏறத்தாழ 20 பாஸ்கல், அதாவது வாயுமண்டல அழுத்தத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. நடைமுறையில் அதுவும் கிடைப்பதில்லை. இத்தனை சொற்பமான சக்தியை நம்பியே ஒரு குடும்பம் இரவெல்லாம் உறங்குகிறது.

இதைக் கவிழ்க்கப் பெரும்புயல் வேண்டியதில்லை. ஒரு கன அடி எரிவாயு முற்றிலும் எரிவதற்குச் சுமார் 10 கன அடி காற்று வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கத்துடன் ஜன்னல் இடுக்குகளையும் கதவிடுக்குகளையும் அடைத்துவிட்டு, சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன், குளியலறை விசிறி, துணி உலர்த்தும் யந்திரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஓடவிட்டால், அவை வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று எவ்வழியாகவேனும் உள்ளே வந்தே தீரும். மற்ற வழிகளெல்லாம் அடைபட்டிருக்கையில் புகைபோக்கியே அவ்வழியாகிறது. புகை கீழே இறங்குகிறது. கொதிகலனில் ஒரு பழுதும் இராது.

இதனினும் விபரீதம், பழியைக் கொதிகலன்மீது சுமத்திப் புதியதொன்றை வாங்கிப் பழைய புகைபோக்கியிலேயே பொருத்துவது. நிலக்கரிக் காலத்தில் கட்டிய அகன்ற செங்கல் குழாய்க்கு மிகுந்த உஷ்ணம் தேவை. புதிய யந்திரமோ உஷ்ணத்தின் பெரும்பகுதியை வீட்டுக்கே கொடுத்துவிட்டு, குளிர்ந்த வாயுவையே மேலே அனுப்புகிறது. அது அகன்ற குழாயில் தயங்கி, மேலும் குளிர்ந்து, தன்னிலுள்ள நீராவியை அமிலம் கலந்த ஜலமாகச் சுவரில் விடுகிறது. அந்த ஜலம் நாளடைவில் சாந்தை அரித்துக் கற்களை உதிர்க்க, உதிர்ந்த கற்கள் அடியில் குவிந்து வழியை அடைக்கின்றன. குழாய்க்குள் தக்க அளவுள்ள உலோக உள்குழாய் ஒன்றை இறக்குவதே இதற்குப் பரிகாரம். கொதிகலனைச் சுவர்வழியே விசிறியால் புகைவிடும் வகைக்கு மாற்றியவர்களும் நிம்மதி அடைவதற்கில்லை. வெந்நீர்க் கலன் மட்டும் அந்த அகன்ற புகைபோக்கியில் தனித்து விடப்பட்டால், அதன் சிறு நெருப்பு அவ்வளவு பெரிய குழாயைச் சூடாக்கவே மாட்டாது.

நாற்றமில்லையே, கண் எரியவில்லையே என்று சமாதானம் கொள்வோரும் உண்டு. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது சேர்ந்துகொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவற்றைக் குளிர்காலத்து ஜுரம் என்று எண்ணி, அதே வீட்டில் இன்னும் இறுகக் கதவடைத்துப் படுத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டார் அனைவருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்து, வெளியே போனதும் அது தணியுமானால், சந்தேகிக்க வேண்டியது புகைபோக்கியையே.

குளிர்நாடுகளில் இத்தகைய வீடுகளில் வாழும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்: கதவு ஜன்னல்களைச் சாத்தி, எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, கொதிகலன் எரியத் தொடங்கி ஐந்து நிமிஷம் சென்றபின், அதன் மேற்புறத்தில் புகை குழாய்க்குள் நுழையுமிடத்துத் திறப்பருகே ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபடாமல் உங்கள் பக்கம் திரும்பினால் உடனே கொதிகலனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, இழுவையை அளக்கத் தெரிந்த தொழிலாளியை வரவழையுங்கள். உள்ளே இழுபட்டாலும் ஆண்டுதோறும் அவரைக் கொண்டு புகைபோக்கியைச் சோதித்துக்கொள்ளுங்கள்; படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இன்னொரு இரவு உறங்காதீர்கள்.