சேருக்குத் தீட்டு இல்லை, அண்டாவுக்கு உண்டு

"வேலை கேட்காதீர்கள், வேலை கொடுங்கள்." இந்த வாசகத்தைக் கேட்காமல் இன்று ஒரு தலித் மாணவர் கல்லூரியை விட்டு வெளியே வர முடியாது. 2005-ல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தலித் இந்தியத் தொழில் வர்த்தகச் சபையைத் தொடங்கியபோது பிரபலமான வாசகம் இது. இப்போது அரசு விழா, வங்கி விளம்பரம், கல்லூரித் தொழில்முனைவோர் மன்றம் எல்லாவற்றிலும் இதே பல்லவிதான். இட ஒதுக்கீட்டில் வேலை கேட்டுப் போராடும் பிள்ளைகளிடம், ஏதோ கையேந்துகிறவர்களிடம் பேசுவதுபோல இதைச் சொல்கிறார்கள்.

நாங்களும் தொழில் தொடங்கினோம். ஒரு வருடம் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறோம்.

மதுரையிலிருந்து மேலூர் போகிற வழியில், ஒத்தக்கடைப் பக்கம், போன சித்திரையில் வாடகைக் கடை போட்டோம். சேர், சாமியானா, சமையல் பாத்திரம், மைக் செட். நாங்கள் மூன்று பேர். ஒருவர் மைக் செட் வேலை தெரிந்தவர். ஒருவர் சொந்தமாகக் குட்டியானை ஓட்டுகிறவர். மூன்றாமவர் சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டுப் பத்து வருடமாகச் சமூகப்பணியில் இருப்பவர். கடைக்கு அவரால் ஆன உபயம், ரசீது எழுதுவது. 250 பிளாஸ்டிக் சேர், மூன்று சாமியானா, ஆறு அண்டா, வாளி, கரண்டி வகையறா. பாதிக்கு மேல் பழைய பொருள்தான். யானைமலை அடிவாரத்திலிருந்து மேலூர் தாண்டி வரைக்கும் வாரம் ஒரு காதுகுத்தாவது, சடங்காவது, கிடாவெட்டாவது நடக்கும். இதில் நஷ்டம் வர வழியே இல்லை என்று நினைத்தோம்.

கடன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் உங்கள் ஊரிலும் இதே கதைதான். திட்டங்கள் இல்லாமல் இல்லை. 1974-லிருந்து தாட்கோ இருக்கிறது. 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றார்கள். 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. நல்ல திட்டம், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மானியத்தை அரசு அறிவிக்கிறது, கடனைக் கொடுப்பது வங்கி. சிறு தொழிலுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போய் மேசை மேல் வைத்தோம். மேலாளர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். நான்காவது முறை போய்வந்த பிறகு வீட்டுப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போனது. மிச்சத்துக்குத் தண்டல்.

இனி அண்டா விஷயத்துக்கு வருகிறோம்.

இரண்டாவது மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சடங்கு ஆர்டர். சேர், சாமியானா, பாத்திரம் எல்லாம் சேர்த்து நல்ல தொகை. முன்பணமும் வந்துவிட்டது. பொருளை இறக்கும்போது அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் ஓட்டுநரிடம், "நீ எந்தத் தெரு?" என்று கேட்டார். இவர் மறைக்காமல் சொன்னார். அரை மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு வீட்டுக்காரர் வந்து, "சேரும் பந்தலும் இருக்கட்டும் தம்பி. பாத்திரம் வேற எடத்துல சொல்லிட்டோம், எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. எங்களுக்கு மோர்கூடக் கொடுத்தார்கள், பிளாஸ்டிக் டம்ளரில்.

அன்று ராத்திரி அண்டாக்களோடு திரும்பி வரும்போது எங்களில் ஒருவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. சேரில் உட்காரலாம், எங்கள் சாமியானா நிழலில் நிற்கலாம், எங்கள் மைக்கில் பாட்டுப் போடலாம். சோறு வேகிற பாத்திரம் மட்டும் ஆகாது. அதன் பிறகு நோட்டில் தனியாகக் குறிக்க ஆரம்பித்தோம். வருடம் முழுக்க ஊர்த்தெரு ஆர்டர்களில் சேர் போயிருக்கிறது, அண்டா அபூர்வமாகத்தான் போயிருக்கிறது. காரணம் ஒவ்வொரு முறையும் ஒன்று இருக்கும்: சமையல்காரரே கொண்டுவருகிறார், சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது, அளவு சரியில்லை.

2018-ல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை ஊர்க்காரர்கள் எதிர்த்தது நினைவிருக்கிறதா? அங்கே பிரச்சினை சமைத்த கை. இங்கே கையைக்கூட விட்டுவிட்டார்கள், பாத்திரம் எந்தத் தெருவில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது என்று பார்க்கிறார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்சி) பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றம் என்கிறது. வழக்குப் போடலாமே என்று சில தோழர்கள் கேட்டார்கள். 'அளவு சரியில்லை' என்பதை எந்த நீதிமன்றத்தில் போய்ப் புறக்கணிப்பு என்று நிரூபிப்பது?

கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்த ஒருவரும் தொழில் நடத்திப் பார்த்திருக்கிறார். 1917-ல் பரோடா சமஸ்தானப் பணிக்குப் போன பாபாசாகேப், சாதியை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டு பம்பாய்க்குத் திரும்பினார். குடும்பம் நடத்த டியூஷன் எடுத்தார், கணக்கு எழுதினார், முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றையும் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள், தொழிலும் நின்றது. 1918-ல் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கேயும் அதே தண்ணீர்ப் பாத்திரத்தில் அவர் குடிப்பதைச் சக ஆசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். சந்தைக்குச் சாதி தெரியாது, பணம்தான் தெரியும் என்று வகுப்பில் சொல்லித்தரும் பேராசிரியர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

எண்ணிக்கையிலும் இது தெரிகிறது. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 9.8 சதவீதம். மக்கள்தொகையில் நாம் சுமார் 16 சதவீதம்.

ஆனால் எங்களை அதிகம் குழப்பியது அண்டா அல்ல, ஃப்ரீசர் பெட்டி.

ஆடி பிறந்தது. விசேஷம் இல்லை, கடையில் ஈ ஓட்டினோம். தண்டல்காரர் மட்டும் தவறாமல் வந்தார். அப்போது கவனித்தோம்: வருகிற ஒன்றிரண்டு அழைப்பும் துக்க வீட்டிலிருந்துதான். நடுராத்திரி இரண்டு மணிக்குச் சேர் வேண்டும் என்பார்கள். எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஃப்ரீசர் பெட்டி இருக்கா?" சாவுக்கு ஆடி, மார்கழி கிடையாது. ஒரு பெட்டி வாங்கினால் கடை நிமிர்ந்துவிடும் என்று கணக்குச் சொன்னது.

வாங்குவதா என்று மூன்று நாள் சண்டை போட்டோம். எங்களில் ஒருவருடைய தாத்தா இழவு சொல்லப் போனவர். அப்பா அந்த வேலையை மறுத்து, அதற்காக ஊரில் அடி வாங்கியவர். சாவு மேளம், குழி வெட்டு, பாடை கட்டு என்று எதை விட்டு வெளியே வர இரண்டு தலைமுறை போராடியதோ, அதே வாசலுக்கு மின்சாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா என்று அவர் கேட்டார். மற்ற சாதிக்காரர்களும் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறார்களே, அது தொழில்தானே என்றோம். "அவங்க கொண்டுபோனா பெட்டி. நாம கொண்டுபோனா பழைய முறை" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியில் வாங்கினோம். ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டோம்: பெட்டியை இறக்கி, மின் இணைப்புக் கொடுத்து, ரசீது தருவதோடு எங்கள் வேலை முடிந்தது. உடலைத் தூக்க மாட்டோம், குளிப்பாட்ட மாட்டோம், யாருக்கும் சேதி சொல்லப் போக மாட்டோம். அவர் பயந்ததும் நடந்தது. ஒரு ஊரில் பெட்டியை இறக்கியதும், "அப்படியே தூக்கி வச்சிருங்கப்பா" என்றார்கள். கேட்ட தோரணையில் சந்தேகமே இல்லை. அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்றே நினைத்துவிட்டார்கள். மாட்டோம் என்றோம். மறுநாள் வாடகையில் பாதியைத்தான் கொடுத்தார்கள். அந்த நிபந்தனையைக் காப்பாற்றியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறோம். பெட்டி வாங்கியது சரிதானா என்பதில் மட்டும் எங்கள் மூவருக்கும் இன்னும் ஒரே கருத்து இல்லை. கடை பிழைத்தது அந்தப் பெட்டியால்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்தது எங்கள் குற்றம். கூலிக்காகக் கலெக்டர் அலுவலக வாசலில் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறோம்! அப்படிப்பட்ட நாங்கள், சேர் ஏற்றி இறக்கிய இரண்டு பையன்களுக்கு ஐப்பசி மாதக் கூலியை மார்கழியில் கொடுத்தோம். ஒரு தனியார் பள்ளி ஆண்டு விழாப் பணத்தை மூன்று மாதம் இழுத்தடித்தது; அதைக் காரணமாகச் சொன்னோம். உதயம் பதிவு வைத்திருக்கும் சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது 2006 சட்டம். நாங்கள் பதிவே செய்யாமல் இருந்தோம். கட்டணம் இல்லாத, இணையத்திலேயே செய்துவிடக்கூடிய பதிவு. மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே பழகியவர்களுக்குச் சொந்த மனு நினைவுக்கு வரவில்லை. இதில் சாதியைக் குறை சொல்ல வழியில்லை, எங்கள் சோம்பல்தான்.

அதைவிடப் பெரியது ஒன்று. வருடக் கடைசியில் கணக்குப் போட்டபோது கொஞ்சம் லாபம் வந்தது. சந்தோஷமாக வீட்டில் சொன்னோம். திரும்பி வரும் பாத்திரங்களை வருடம் முழுவதும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியது எங்கள் அம்மாக்களும் மனைவிகளும். "எங்க கூலிய எதுல எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்கள். எதிலும் எழுதவில்லை. எழுதினால் லாபம் இல்லை. அடகு நகையும் அவர்களுடையது.

சொந்த மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதிகம் சேர் போகிற நாள் ஏப்ரல் 14. அன்று எல்லாக் காலனியிலும் கூட்டம், எல்லாக் காலனியிலும் "தோழர், நம்ம நிகழ்ச்சிதானே." காசு மிகக் குறைவாக வருகிற நாளும் அதுதான்! கொள்கைக்கு இலவசம் என்றால் கொள்கைக்காரன் கடை மூடுவான். இந்த வருடம் பாதி வாடகை என்று எழுதி ஒட்டினோம். திட்டினார்கள், ஆனாலும் கொடுத்தார்கள்.

தெற்கே விருதுநகர், சிவகாசி நாடார்களின் மகமையைப் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். கோயிலுக்குள் விடாமல் ஒதுக்கப்பட்ட காலத்தில், விற்கிற சரக்கில் ஒரு பங்கை உறவின்முறைப் பொதுநிதியில் போட்டார்கள். பள்ளிக்கூடம் வந்தது, 1910-ல் மகாஜன சங்கம் வந்தது, 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. நமக்குத் தைரியம் இல்லை என்று மேடையில் சொல்கிறார்கள். நமக்கு இல்லாதது தைரியமல்ல, தண்டல்காரரிடம் போகாமல் நிற்க வைக்கிற ஒரு பொதுநிதி. ஆனால் அவர்களிடம் விற்கச் சரக்கு இருந்தது, வாங்க ஆள் இருந்தது. நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது உழைப்பு மட்டும்தான். மகமை கடைசியில் இன்னொரு சாதிச் சங்கமாக இறுகிய கதையும் நமக்கு வேண்டாம். அதனால் பார்த்துப் பார்த்து, நூறு ரூபாய் வாடகைக்கு இரண்டு ரூபாய் என்று தனிக் கணக்கில் போட்டு வருகிறோம். முதலில் அந்தப் பணம் பாத்திரம் கழுவியவர்களின் நிலுவைக்குப் போகிறது.

ஆகவே தொழில் தொடங்குங்கள். ஆனால் அதைக் காட்டி இட ஒதுக்கீட்டைக் கைகழுவச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 கொள்முதல் ஆணை சொல்கிறது. சந்தையிலும் ஒதுக்கீடு தேவை என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. அதைக் கேளுங்கள், மாநிலத்திலும் கேளுங்கள். கோயில் திருவிழாவுக்கும் அரசு விழாவுக்கும் அண்டா வாடகைக்கு எடுப்பது யாரிடமிருந்து என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நாங்கள் இந்த மாதம் மனுப் போடுகிறோம்.

கடைக்குத் தொடங்கும்போது சாதி தெரியாத ஒரு பெயர் வைத்தோம். பாபாசாகேப் பெயர் வைத்தால் ஊர்த்தெரு ஆர்டர் வராது என்று பயந்தோம். அந்தப் பெயர் அண்டாவைக் காப்பாற்றவில்லை. மழையில் சாயம் போன பலகையைப் புதிதாக எழுதப் போன வாரம் ஓவியரிடம் கொடுத்திருக்கிறோம். இரண்டு பேர் பெயரை மாற்றலாம் என்கிறோம், ஒருவர் இன்னும் ஒரு சீசன் பொறுக்கலாம் என்கிறார். என்ன எழுதுவது என்று ஓவியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.