முகத்தை மூடும் துணியும் கையைப் பிடிக்கும் தாதியும்



கிளிநொச்சி மாவட்டத்தில் நான் களப்பணிக்காகச் சென்றுவரும் வீடொன்றில் எழுபது வயதை எட்டிய ஓர் அம்மா இருக்கிறார். கணவனை இழந்த மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் வாழ்பவர். அவருக்கு இரு கண்களிலும் கண்புரை முற்றியிருந்தது. வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்து, வைத்தியசாலையில் சேர்த்து, தியேட்டருக்கும் கொண்டுபோனார்கள். கட்டிலில் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, பச்சைத் துணியால் முகத்தை மூடினார்கள். அடுத்த கணமே அந்த அம்மா துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, வைத்தியர் அப்போது கத்தியைக் கையில் எடுத்திருக்கவில்லை. "ஒத்துழைக்காத ஆள்" என்று ஏச்சு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர், அதன்பின் ஒன்றரை வருடம் கண் கிளினிக் பக்கமே போகவில்லை.

என்ன நடந்தது என்று நான் கேட்டபோது முதலில் சொல்லவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் வாய் திறந்தார்.

"பிள்ளை, துணி முகத்தில விழுந்த உடன பங்கருக்குள்ள போன மாதிரி இருந்தது. மண் மூடினா மூச்சு விடேலாதெல்லே. அதுதான் எழும்பினனான்."

2009 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பதுங்குகுழி சரிந்து மண்ணுக்குள் அகப்பட்டவர் அவர். கைகளால் மண்ணை வறுகித்தான் அவரை வெளியே எடுத்திருக்கிறார்கள். வைத்தியசாலையில் எவரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்காமல் விட்டதற்கும் சொல்லாமல் விட்டதற்கும் இடையில் ஒன்றரை வருடப் பார்வை வீணாகப் போனது.

நான் படித்தது சமூகவியல், மருத்துவம் அல்ல. ஆனாலும் கண் சத்திரசிகிச்சைக்குச் செல்லும் அம்மாமாருக்குத் துணையாகப் பல தடவைகள் போயிருக்கிறேன். அங்கே தாதியரிடம் கேட்டும் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உள்ளே என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

கண்ணுக்குள் என்ன இருக்கிறது?

நமது கண் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. வெளியே வெள்ளையாகத் தெரியும் உறுதியான தோல் வன்கோது. அதன் முன்பக்கத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பது விழிவெண்படலம். அதன் நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுதான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் ஒளி தடையின்றி உள்ளே போகிறது. அதற்குப் பின்னால் நம் கண்ணுக்குக் கறுப்பு, கபில நிறங்களைக் கொடுக்கும் கதிராளி இருக்கிறது. கதிராளியின் நடுவிலுள்ள துவாரமே கண்மணி. வெயிலில் அது சுருங்கும், இருட்டில் விரியும்.

கண்மணிக்குப் பின்னால், மெல்லிய பையொன்றுக்குள், வில்லை இருக்கிறது. வில்லை ஒளியைக் குவித்து, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் விழச் செய்கிறது. அங்கிருந்து பார்வை நரம்பு செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது.

முட்டையின் வெள்ளைக்கரு பச்சையாக இருக்கும்போது தெளிவாக இருக்கிறது. அவித்தவுடன் வெண்மையாகிவிடுகிறது. வில்லையும் இப்படித்தான். அதிலுள்ள புரதங்கள் வயதாலும், நீரிழிவாலும், சில மருந்துகளாலும், கண்ணில் பட்ட அடியாலும் மாற்றமடைந்து கலங்குகின்றன. இதுவே கண்புரை. பலர் நினைப்பதுபோல இது கண்ணுக்கு மேலே வளரும் தோலல்ல. ஆகவே சொட்டு மருந்தாலோ, நந்தியாவட்டைப் பூச் சாற்றாலோ, தாய்ப்பாலாலோ இது கரையாது. கலங்கிய வில்லையை அகற்றி, அதே பைக்குள் செயற்கை வில்லையொன்றை வைப்பதே வழி. முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மிகவும் முற்றினால் வில்லை கடினமாகி சத்திரசிகிச்சையும் கடினமாகிறது. சிலருக்குக் கண்ணின் அமுக்கமும் ஏறிவிடும்.

செயற்கை வில்லையின் கதை

இந்தச் செயற்கை வில்லையும் ஒரு போரிலிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானிகள் சிலரின் கண்களுக்குள் விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்திருந்தன. அந்தச் சில்லுகளைக் கண் வெறுத்து ஒதுக்காமல் இருப்பதை ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்வித்து, 1949 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் திகதி, இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அக்காலத்துக் கண் வைத்தியர்கள் பலர் அவரை எதிர்த்தார்கள். இன்று உலகெங்கும் அந்த முறையால் மக்கள் பார்வை பெறுகிறார்கள்.

ஆனால் சகோதரிகளே, எல்லாச் சில்லுகளும் அப்படிப்பட்டவையல்ல. கண்ணுக்குள் தங்கிய இரும்புச் சில்லு மெல்ல மெல்லத் துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். நம்மில் பலர் உடலில் ஷெல் துண்டுகளோடு வாழ்கிறோம். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், எவரும் கேட்காவிட்டாலும், அதைச் சொல்லுங்கள். முக்கியமாக எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் சொல்லியே ஆகவேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் இரும்புத் துண்டை அசைத்துப் பார்வையைப் பறித்துவிடக்கூடும். ஒரு கண் முன்னர் காயப்பட்டவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். அரிதாக, வருடங்கள் கடந்த பின்னரும், நல்ல கண்ணில் அழற்சி வரலாம். நல்ல கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை மங்கினால் உடனே காட்டுங்கள்.

போகுமுன் சொல்ல வேண்டியவை

சத்திரசிகிச்சைக்கு முன் தாதியர் சீனி, பிறஷர் பார்ப்பார்கள். வில்லையின் அளவைத் தீர்மானிக்கக் கண்ணை அளப்பார்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இடைவெளி விட்டுப் பல தடவைகள் விடுவார்கள். எந்தக் கண் என்று அடையாளமிட்டு, உங்கள் பெயரையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "எத்தினை தரம் கேக்கிறது" என்று சினக்காதீர்கள். தவறு நேராமல் இருக்கத்தான் கேட்கிறார்கள்.

முதல்நாளே தலைமுழுகி விடுங்கள். கண்ணுக்கு மை வேண்டாம். நகைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் தாதியிடம் சொல்லி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களாகச் சொல்ல வேண்டியவை இவை: குடிக்கும் மருந்துகள் அனைத்தும், குறிப்பாக இரத்தம் உறையாமல் இருப்பதற்கான குளிசைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், இருமல், முட்டு, நிமிர்ந்து படுக்க முடியாமை, காது கேளாமை, உடலிலுள்ள ஷெல் துண்டுகள். இவற்றோடு, முகம் மூடப்பட்டால் பயம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "விசர்க்கதை" என்று யாரும் நினைக்கமாட்டார்கள். பயமும் ஒரு மருத்துவத் தகவல்தான்.

தியேட்டருக்குள்

பெரும்பாலானவர்களுக்குக் கண் மட்டுமே விறைக்கப்படும். நீங்கள் விழித்திருப்பீர்கள்; பேச்சுக் குரல் கேட்கும். இமைகளையும் கண்ணையும் அயடீன் கலந்த கபிலநிறத் திரவத்தால் சுத்தம் செய்வார்கள். கிருமி உள்ளே போகாமல் தடுப்பதில் இது மிக முக்கியமான படி. பின்னர் கண்ணுக்கு மட்டும் துவாரமுள்ள கிருமி நீக்கிய துணியால் முகத்தை மூடுவார்கள். துணிக்குள் காற்று வருவதற்குக் குழாய் வைப்பதுண்டு. இமை மூடாதபடி சிறிய கம்பிக் கருவியொன்று பிடித்துக்கொள்ளும். எனவே "கண்ணை வெட்டிவிடுவேனோ" என்று பயப்படத் தேவையில்லை. பளீரென்ற வெளிச்சம் தெரியும். தண்ணீர் ஓடுவதுபோல இருக்கும். வலி தெரிந்தால் சொல்லலாம்.

விரலில் மாட்டிய சிறு கருவி உங்கள் நாடித்துடிப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். வில்லைப் பெட்டியிலுள்ள இலக்கத்தைத் தாதி வாசித்து, உங்கள் கொப்பியிலுள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இன்னொரு தாதி பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. இருமல் வந்தாலோ, பயம் வந்தாலோ தலையை அசைக்கக் கூடாது. கையை அமத்த வேண்டும். வைத்தியர் உடனே நிறுத்திக்கொள்வார். சிக்கலில்லாத சத்திரசிகிச்சை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

நமது அம்மாவை இரண்டாம் முறை கூட்டிப்போகுமுன் மகளோடு சேர்ந்து ஓர் ஒத்திகை பார்த்தோம். மாலையில் பாயில் படுக்கவைத்து, முகத்தின் மேல் பழைய சேலைத் துண்டொன்றை விரித்தோம். மகள் கையைப் பிடித்துக்கொள்வாள். முதல்நாள் பத்து எண்ணுமுன்பே அம்மா துணியைத் தூக்கிவிட்டார். இரண்டு கிழமை கழித்து, துணிக்குள்ளேயே கிடந்து பேரனைப் பற்றி முறைப்பாடு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். வோட்டில் சேர்த்த அன்றே தாதியிடம் பங்கர்க் கதையைச் சொன்னோம். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். தியேட்டரில் துணியின் ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்திருக்கிறார்கள். "அந்த மிஸ் கடைசிவரைக்கும் கையை விடேல்ல" என்று அம்மா பிறகு சொன்னார்.

வீட்டில் நாலு கிழமை

சத்திரசிகிச்சையை வைத்தியர் முடித்துவிடுவார். மிச்சத்தை வீட்டிலுள்ள பெண்ணின் கைகள்தான் செய்ய வேண்டும். சொட்டு மருந்து விடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். கீழிமையைக் கீழே இழுத்து, போத்தலின் நுனி கண்ணில் படாமல் ஒரு துளி விடுங்கள். பின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் மெதுவாக அமத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கண் தெளிந்துவிட்டதென்று மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. சொல்லப்பட்ட நாள்வரை விட வேண்டும். இரவில் தந்த மூடியைப் போட்டுக்கொண்டு மற்றப் பக்கம் சரிந்து படுக்கலாம். கசக்கக் கூடாது. கண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது. கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு தூக்கவோ, அடுப்புப் புகைக்குள் நிற்கவோ கூடாது.

வலி கூடுதல், கண் மேலும் சிவத்தல், பார்வை குறைதல், பீளை, இமை வீக்கம், மின்னல் போன்ற வெளிச்சம், திரை விழுவதுபோன்ற கறுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். அன்றே, இரவென்றாலும், வைத்தியசாலைக்குப் போங்கள். கிருமி உள்ளே போயிருந்தால் சில மணித்தியாலங்களே பார்வையைக் காப்பாற்றும். நீரிழிவு உள்ளவர்கள் புதிய வில்லை வைத்த பின்னரும் வருடமொரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

இதையெல்லாம் வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி எழும்: "அடுப்பை ஆர் பாக்கிறது?" அமெரிக்கச் சமூகவியலாளர் தால்கொட் பார்சன்ஸ் 1951 இல் நோயாளியின் வகிபாகம் பற்றி எழுதினார். நோயுற்றவருக்கு அன்றாடக் கடமைகளிலிருந்து விலக்களிப்பது சமூகத்தின் வழக்கம் என்பது அவரது கருத்து. நமது பெண்களுக்கு அந்த விலக்கை யார் கொடுப்பது? அந்த அம்மாவின் மகள் கூலிவேலைக்குப் போனால் சமையல் அம்மாவிடம்தான். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்பே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசினோம். முறைவைத்து மதியச் சாப்பாடு கொடுக்க அயலவர்கள் சிலர் முன்வந்தார்கள். உங்கள் ஊரிலும் இப்படிச் செய்யலாம். கேட்பதில் வெட்கமில்லை.

நான்காவது கிழமை நான் போனபோது அந்த அம்மா திண்ணையில் சுளகோடு இருந்தார். என்னைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இஞ்ச பார் பிள்ளை, அரிசிக்குள்ள எவ்வளவு கல்லு! இவ்வளவு நாளும் இதையெல்லாம் திண்டுகொண்டோ இருந்தனாங்கள்?"

மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். இடது கண்ணுக்கு எப்போது திகதி தருவார்கள் என்று அம்மாவே கேட்டார்.

உங்கள் வீட்டிலும் அயலிலும் சுவரைத் தடவி நடக்கும் ஓர் அம்மா இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கிளினிக்குக்குத் துணைக்குப் போங்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள்; ஒரு முறை கேட்டுப் பதில் வராவிட்டால் மூன்று முறை கேளுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.