துவக்கு இல்லாத கௌபோய்

சிறுவர்களுக்குக் கௌபோய் விருந்து வைப்பதென்றால் முதலில் கடைக்குத்தான் போகிறோம். பிளாஸ்டிக் தொப்பி, நட்சத்திரச் சின்னம், விளையாட்டுத் துவக்கு என்று வாங்கிக் குவிக்கிறோம். தொப்பி மறுநாளே உடைந்துவிடும். துவக்கு மட்டும் மாதக் கணக்கில் வீட்டுக்குள் "டுமீல், டுமீல்" என்று கேட்டுக்கொண்டிருக்கும். இவ்விருந்தை வீட்டுப் பொருட்களைக் கொண்டே செய்யலாம். துவக்கு இல்லாமலே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கௌபோய் என்பவன் உண்மையில் கூலிக்கு மாடு மேய்த்த தொழிலாளி. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பின், டெக்சாஸ் மாடுகளைக் கன்சாஸ் மாநில ரயில் நிலையங்கள் வரை நூற்றுக்கணக்கான மைல்கள் ஓட்டிச் சென்றவர்கள் இவர்கள். கயிறு வீசும் கலை மெக்சிக்கோ இடையர்களிடமிருந்து வந்தது. இவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். டொட்ஜ் சிட்டி போன்ற நகரங்களில் துவக்கோடு நடமாடவே தடை இருந்தது. எந்நேரமும் சுட்டுக்கொண்டு திரிபவனாக அவனை நமக்குக் காட்டியது சினிமாதான்.

கடந்த பெருநாள் விடுமுறையில் எங்கள் குடும்பத்துச் சிறுவர் ஒன்பது பேருக்கு இப்படியொரு விருந்து வைத்தோம். காட்போட் பெட்டிகளை வெட்டித் தொப்பி செய்தார்கள். வாப்பாவின் பழைய கட்டம்போட்ட சாரம் கழுத்துத் துணிகளாயிற்று. பழைய பாடசாலைக் காலுறைக்குள் துணித்துண்டுகளை அடைத்துத் தும்புத்தடியில் கட்டினால் குதிரை தயார். கௌபோய்களின் அன்றாட உணவு அவித்த பயறு வகைதான் என்பதால், உம்மா கௌபி அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுத் தந்தார். செலவென்று பார்த்தால் பலூன்களுக்கு மட்டுமே.

"துவக்கு இல்லாட்டி ஆம்புளப் புள்ளையளுக்கு அலுத்துப் போகுமே" என்றார் மாமி. பலூன்கள்தான் மாடுகள். கையால் தொடாமல், கொப்பி மட்டையால் விசிறியே அவற்றைப் பட்டிக்குள் சேர்க்க வேண்டும். ஒருவர் தனியாக ஓடினால் மற்றவரின் மாடுகளும் சிதறிவிடும். நாலு பேர் நாலு பக்கமும் வளைத்து நின்றால்தான் வேலை நடக்கும். அதை அவர்களே கண்டுபிடித்தார்கள். துவக்கு விளையாட்டில் யாராவது "செத்து" ஓரமாக உட்கார வேண்டும். இங்கே ஐந்து வயதுத் தங்கைக்கும் கடைசிவரை வேலை இருந்தது.

விளையாட்டுத் துவக்கைத் தொட்ட பிள்ளையெல்லாம் கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2009 வரை போர் நடந்த நாடு இது. நம் பெற்றோரில் பலர் உண்மையான வேட்டுச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்கள் உழைத்த காசில் அதே சத்தத்தைப் பெருநாள் பரிசாக வாங்கிக் கொடுப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் ஒரு காட்போட் பெட்டியையும் கத்தரிக்கோலையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.