அரைப் பவுண்டில் போன பட்டம்!



"ஏன்டா, எழுதுறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையா? அடிதடி விளையாட்டைப் பத்திப் போய் சுவர் இதழ்ல எழுதப் போறியா?" என்று என் நண்பர்களே என்னைக் கிண்டல் செய்தார்கள். எழுதத்தான் போகிறேன். எழுதலாமா கூடாதா என்பதை முழுசாகப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு டம்ளர் தண்ணீர் எவ்வளவு எடை இருக்கும்? ஏறக்குறைய 200 கிராம். அரைப் பவுண்டு என்பது எவ்வளவு? 227 கிராம். ஆக, ஒரு டம்ளர் தண்ணீரும் மேலே ரெண்டு மடக்கும்! அந்த அளவு எடை கூடிவிட்டது என்பதற்காக, ஒரு உலக சாம்பியனின் பட்டத்தைப் பறித்தார்கள். அவர்தான் பிரேசில் நாட்டு வீரர் சார்லஸ் ஒலிவேரா.

யார் இந்த ஒலிவேரா?

கலப்புத் தற்காப்புக் கலை, அதாவது எம்.எம்.ஏ. என்ற விளையாட்டைச் சிலர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பக்கம் கொண்ட கூண்டுக்குள் இரண்டு பேர் மோதுவார்கள். குத்து, உதை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு எல்லாம் உண்டு. இதில் மிகப் பெரிய அமைப்பு அமெரிக்காவின் யு.எஃப்.சி. 1993 நவம்பரில் டென்வர் நகரில் நடந்த அதன் முதல் போட்டியை ஜெயித்தவரே ஒரு பிரேசில்காரர்தான், ராய்ஸ் கிரேசி. தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களையெல்லாம் பிடி போட்டே அடக்கிக் காட்டினார். அந்தப் பிடிக் கலையின் வழியில் வந்தவர் ஒலிவேரா.

1989-ல் பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில், குவாருஜா என்ற கடற்கரை ஊரின் ஏழைக் குடியிருப்பில் பிறந்தார். ஏழு வயதில் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சல் வந்தது. விளையாட்டெல்லாம் இந்தப் பையனுக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நம்மில் யாருக்காவது அப்படிச் சொல்லியிருந்தால் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். ஒலிவேரா உட்காரவில்லை. பன்னிரண்டு வயதில் ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்தார்.

2010 ஆகஸ்டில், 20 வயதில், யு.எஃப்.சி.யில் முதல் சண்டை. 41 வினாடியில் வெற்றி! "ஆஹா, அடுத்த சாம்பியன் வந்துட்டான்!" என்று எல்லோரும் சொன்னார்கள்.

வந்தாரா? இல்லை. அதற்கு இன்னும் பதினோரு வருஷம் ஆகப்போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்!

எட்டுத் தோல்விகள்

அந்த வருஷம் டிசம்பரிலேயே ஜிம் மில்லர் என்ற அமெரிக்க வீரரிடம் தோற்றார். அதுவும் எப்படி? காலைப் பிடித்து முட்டியை முறுக்க, வலி தாங்காமல் கையால் தட்டிவிட்டார். இந்த விளையாட்டில் கையால் தட்டினால் "விட்டுவிடு, நான் தோற்றுவிட்டேன்" என்று அர்த்தம். தட்டியதும் நடுவர் குறுக்கே வந்து பிரித்துவிடுவார். அதற்குமேல் ஒரு நொடிகூடப் பிடியை இறுக்கக் கூடாது.

இதை அடிதடி என்று சொல்பவர்கள் இந்த ஒன்றைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தெருச் சண்டையில் யாராவது தட்டினால் விடுகிறார்களா? ரத்தம் வருகிற விளையாட்டுதான் இது, நான் மறைக்கவில்லை. ஆனால் தோற்றவன் "போதும்" என்று சொல்லவும், ஜெயித்தவன் அந்தக் கணமே விடவும் இதில் விதி இருக்கிறது.

மீண்டும் ஒலிவேராவுக்கு வருகிறேன். 2010-லிருந்து 2017 முடிவதற்குள் யு.எஃப்.சி.யில் எட்டுத் தோல்விகள். மூன்று தடவை தட்டியிருக்கிறார். "கஷ்டம் வந்தா கையை விட்டுடுவான், நெஞ்சுரம் இல்லாத ஆளு" என்று ரசிகர்களே பேசினார்கள். அப்போது அவர் 145 பவுண்டு பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒரு தடவைக்கு மேல் எடையைத் தாண்டியவர். 2016 நவம்பரில் மெக்ஸிகோவில் நடந்த சண்டைக்கு ஒன்பது பவுண்டுக்கும் மேல் கூடுதலாக வந்து நின்றார். இதை நான் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. எனக்குப் பிடித்தவர் என்பதற்காகத் தப்பை மறைக்கலாமா?

அதன்பிறகு 155 பவுண்டு பிரிவுக்கு மாறினார். 2018-லிருந்து கதையே மாறியது. அந்த வருஷம் செப்டம்பரில், சொந்த மாநிலத் தலைநகரான சாவோ பாலோவில், பிடி போட்டு ஜெயித்த எண்ணிக்கையில் ராய்ஸ் கிரேசியின் சாதனையையே தாண்டினார். டிசம்பரில், முதல் தோல்வியைத் தந்த அதே ஜிம் மில்லரை முதல் ரவுண்டிலேயே வென்றார்.

2021 மே 15. ஹூஸ்டன் நகரம். காலியாக இருந்த லைட்வெயிட் பட்டத்துக்காக மைக்கேல் சாண்ட்லருடன் மோதல். முதல் ரவுண்டில் ஒலிவேராவுக்குச் சரமாரியாகக் குத்து விழுந்தது. "அவ்வளவுதான், வழக்கம்போல விட்டுடுவான்" என்று பலர் நினைத்திருப்பார்கள். விடவில்லை. இரண்டாவது ரவுண்டு தொடங்கி 19-வது வினாடியில் சாண்ட்லர் கீழே. ஒலிவேரா சாம்பியன்! யு.எஃப்.சி.யில் அது அவருடைய 28-வது சண்டை. அத்தனை சண்டை போட்ட பிறகு முதல் பட்டம் வாங்கியவர் அதற்கு முன் அங்கே யாருமே இல்லை.

அந்த இரண்டு நாட்கள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2022 மே மாதம், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம். எதிராளி ஜஸ்டின் கேத்ஜி. சண்டைக்கு முதல் நாள் காலையில் எடை பார்ப்பார்கள். பட்டத்துக்கான சண்டை என்றால் 155 பவுண்டுக்கு மேல் துளிகூடப் போகக் கூடாது. சாதாரணச் சண்டைக்கு ஒரு பவுண்டு சலுகை உண்டு. பட்டத்துக்குக் கிடையாது.

ஒலிவேரா மெஷினில் ஏறினார். 155.5!

ஒரு மணி நேரம் அவகாசம் தந்தார்கள். மறுபடி ஏறினார். மறுபடியும் 155.5. கணக்கு போட்டால் ஆயிரத்தில் மூன்று பங்குதான் கூடுதல். பட்டம் போயிற்று. எடை மெஷினில் தோற்றுப் பட்டத்தை இழந்த முதல் யு.எஃப்.சி. சாம்பியன் என்ற பெயர்தான் மிச்சம்.

வீரர்கள் தங்கியிருந்த இடத்தில் சரிபார்க்க வைத்திருந்த மெஷின் தப்பாகக் காட்டியது என்று ஒலிவேரா தரப்பு சொன்னது. வேறு சில வீரர்களும் அதே குறையைச் சொன்னார்கள். ஆனாலும் முடிவு மாறவில்லை.

அடுத்து வந்த நிபந்தனையைப் பாருங்கள். மறுநாள் சண்டை நடக்கும். கேத்ஜி ஜெயித்தால் கேத்ஜி சாம்பியன். ஒலிவேரா ஜெயித்தால் பட்டம் யாருக்கும் இல்லை! பரிசே இல்லாத பரீட்சைக்கு யாராவது உயிரைக் கொடுத்து எழுதுவார்களா?

மே 7 அன்று ஒலிவேரா கூண்டுக்குள் போனார். கேத்ஜியின் குத்தில் கீழே விழுந்தார். எழுந்தார். பிறகு அவரே கேத்ஜியை வீழ்த்தி, முதுகுப் பக்கம் ஏறிக் கழுத்தை இறுக்க, கேத்ஜி தட்டிவிட்டார். எல்லாம் முதல் ரவுண்டிலேயே! சாம்பியனுக்கு ஒரு பெயர் உண்டு, அது சார்லஸ் ஒலிவேரா என்று அங்கேயே அவர் அறிவித்தார். கேட்ட கூட்டம் ஆர்ப்பரித்தது.

விதி சரியா, தப்பா?

இங்கேதான் என் நண்பர்களுக்கும் எனக்கும் சண்டை. "அரைப் பவுண்டுக்குப் போய் பட்டத்தைப் பிடுங்குறது அநியாயம்டா" என்கிறார்கள் அவர்கள். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். ஆனாலும் சொல்கிறேன்: விதி சரிதான்!

ஏன் என்று கேட்டால், அரைப் பவுண்டை விட்டால் அடுத்தவர் முக்கால் பவுண்டு கேட்பார். அப்புறம் ஒன்று, இரண்டு. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? முப்பத்தஞ்சு மார்க் பாஸ் என்றால் முப்பத்திநாலு ஃபெயில்தான். கேத்ஜியும் அதே 155-க்காகத்தானே வயிற்றைக் கட்டினார்? அவருக்கு மட்டும் நியாயம் வேண்டாமா?

நமக்கு இது புதுசும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை வினேஷ் போகாட்டை யாரால் மறக்க முடியும்? ஆகஸ்ட் 6 அன்று ஒரே நாளில் மூன்று பேரை வென்று 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்கு வந்தார். மறுநாள் காலை 100 கிராம் கூடுதல்! தகுதி நீக்கம் மட்டுமல்ல, கடைசி இடம் என்று அறிவித்துவிட்டார்கள். மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. ஒலிவேராவுக்காவது மறுநாள் களத்தில் இறங்கிப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தது. வினேஷுக்கு அதுவும் இல்லை. அங்கே எடை விதி சரி என்றாலும், முதல் நாள் ஜெயித்ததையும் சேர்த்து அழித்தது தண்டனையில் அதிகம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது? மெஷினில் இல்லைங்க. மெஷினில் ஏறுவதற்கு முன்னால் நடப்பதில் இருக்கிறது!

இந்த வீரர்கள் சாதாரணமாக 155 பவுண்டு இருப்பவர்கள் அல்ல. அதைவிட நல்ல கனமானவர்கள். எடை பார்க்கும் நாளுக்காகத் தண்ணீரை நிறுத்தி, வெந்நீரில் கிடந்து, ஆவி அறையில் உட்கார்ந்து, உடம்பில் இருக்கும் நீரையெல்லாம் வேர்வையாக வெளியேற்றுவார்கள். எடை பார்த்து முடிந்ததும் மறுபடி குடித்துச் சாப்பிட்டு எடையை ஏற்றிக்கொள்வார்கள். எதிராளியும் இதையே செய்வதால் இரண்டு பேருக்கும் லாபம் இல்லை. நஷ்டம் மட்டும் இரண்டு பேருக்கும் உண்டு.

நஷ்டம் என்றால் சின்ன நஷ்டமா? 2013 செப்டம்பரில் ஒலிவேராவின் பிரேசிலிலேயே, ரியோவில், லியாண்ட்ரோ சூசா என்ற 26 வயது வீரர் எடை குறைக்கும்போது இறந்தே போனார். 2015 டிசம்பரில் மணிலாவில் சீன வீரர் யாங் ஜியான் பிங் அதேபோல் இறந்தார். அவருக்கு வயது 21. நம்ம அண்ணன்மார் வயசு! அதற்குப் பிறகு, அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு, நீரை வற்றவைத்து எடை குறைப்பதையே தடை செய்தது. வீரர்களின் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்றும் சோதிக்க ஆரம்பித்தது. ஒரு அமைப்பால் முடிந்தது மற்ற அமைப்புகளால் ஏன் முடியாது? இதுதான் என் கேள்வி.

என் கருத்து

ஒலிவேராவின் கதை சினிமா மாதிரி முடியவில்லை. 2022 அக்டோபரில் அபுதாபியில் அதே பட்டத்துக்காக இஸ்லாம் மகச்சேவிடம் மோதித் தட்டித் தோற்றார். 2025 ஜூனில் மறுபடி ஒரு வாய்ப்பு. இலியா டொபூரியாவிடம் முதல் ரவுண்டிலேயே தோற்றார். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கின யானை அங்கேயே படுத்துக்கொள்ளவில்லை. நாலே மாதத்தில், 2025 அக்டோபரில், ரியோவில் சொந்த மக்கள் முன்னால் களமிறங்கி, தன் பழைய பாணியில் பிடி போட்டே ஜெயித்தார்.

"தோல்வியே வெற்றியின் முதல் படி" என்று மேடையில் பேசுவது ரொம்பச் சுலபம். எட்டுப் படி தோல்வியாகவே இருந்தால் ஏறுவோமா? எட்டும் ஏறி, மேலே போனதும் அரைப் பவுண்டுக்காகக் கீழே தள்ளிவிட்டால் மறுநாளே ஏறுவோமா? ஒலிவேரா ஏறினார். பட்டம் கிடைக்காது என்று தெரிந்தே ஏறினார். அதனால்தான் சொல்கிறேன்: பட்டத்தைப் பறித்த விதியும் சரி, "நான்தான் சாம்பியன்" என்று அவர் சொன்னதும் சரி. எடை மெஷின் எடையை மட்டும்தான் காட்டும். ஆளைக் காட்டாது.

கடைசியாக, நம் பள்ளியில் ஜூடோ, குத்துச்சண்டை, கபடி ஆடுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எடைப் பிரிவுக்காக யாராவது "ரெண்டு நாள் தண்ணி குடிக்காதே, சரியாயிடும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். நம்ம பி.டி. சாரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒரு பிரிவு மேலே ஆடித் தோற்றால்கூடப் பரவாயில்லை. கோப்பை அடுத்த வருஷமும் வரும். அப்புறம் இன்னொன்று: இதைப் படித்துவிட்டு இன்டர்வெல்லில் பக்கத்து பெஞ்சுக்காரன் கழுத்தைப் பிடித்துப் பார்க்காதீர்கள். பிடித்தே தீருவேன் என்றால், அவன் தட்டினதும் விட்டுவிடுங்கள்!

இப்போது சொல்லுங்கள், இதைப் பற்றிச் சுவர் இதழில் எழுதலாமா, கூடாதா? என் கருத்து தப்பு என்று நினைப்பவர்கள் அடுத்த இதழில் மறுத்து எழுதுங்கள். நானும் படிக்கக் காத்திருக்கிறேன்.



– உங்கள் தோழன்,
11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு.