கல்நார் கூரையும் ஸ்டீவ் மெக்வீனும்

கல்யாணமாகாத இளைஞனுக்கு நகரத்தில் ரூம் கிடைத்தால் அது மொட்டை மாடியில்தான் இருக்கும். அதன் தலையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் இருக்கும். இது எழுதப்படாத சட்டம். சித்திரையில் உள்ளே படுத்தால் இட்லி மாதிரி வெந்து போகலாம். மழை பெய்தால் வாடகை கேட்கிற ஹவுஸ் ஓனரின் குரல் காதில் விழாது. அது ஒரு சௌகரியம். ஆனால் அந்த ஷீட்டைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் சூடு அல்ல.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கச்சிதமான பெயர். பூமியிலிருந்து வெட்டுகிற கல். பிரித்தால் பஞ்சு போல நார் நாராக வரும். தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது, விலையும் மலிவு. பெண்ணைப் பெற்றவர் தேடுகிற மாப்பிள்ளை மாதிரி சகல பொருத்தமும் உண்டு. கப்பலின் குழாய்களில் சுற்றினார்கள், பிரேக் ஷூவில் வைத்தார்கள், சிமெண்ட்டில் கலந்து கூரையாக்கினார்கள். உச்சக்கட்டமாக, அமெரிக்காவில் 1952லிருந்து 1956 வரை கென்ட் சிகரெட்டின் ஃபில்டரிலேயே ஆஸ்பெஸ்டாஸைச் சேர்த்து, ஆரோக்கியப் பாதுகாப்பு என்று விளம்பரமும் செய்தார்கள்!

மாப்பிள்ளையின் சுயரூபம் தாமதமாகத்தான் தெரியும். இந்த நார் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு போய் நுரையீரலின் ஆழத்தில் குத்திக்கொண்டு உட்காரும். கிருமிகளை விழுங்குகிற நம் காவல்கார செல்கள் இதையும் விழுங்கப் பார்க்கின்றன. நார் நீளம், விழுங்க முடியாமல் செல்தான் சாகிறது. கல்லாச்சே, கரையாது. அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, வருஷக்கணக்கில் நுரையீரல் விறைத்துப் போனால் அதற்கு ஆஸ்பெஸ்டோஸிஸ் என்று பெயர். அது தவிர நுரையீரல் புற்றுநோய். அதையும் தவிர, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வருகிற மீசோதீலியோமா என்ற புற்றுநோய்.

'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் மோட்டார் சைக்கிளில் பறந்த ஸ்டீவ் மெக்வீனுக்கு வந்தது இந்தக் கடைசி ரகம்தான். 1979 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். 1980 நவம்பரில், 50 வயதில், ஆபரேஷனுக்குப் பிறகு இறந்து போனார். 1940களின் கடைசியில் மரைன் படையில் இருந்தபோது, கப்பல் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸைப் பிய்த்தெடுக்கிற வேலை பார்த்ததுதான் காரணம் என்று அவர் நம்பினார். நடுவே சுமார் 30 வருஷம். கல்நார் இருபது வயதில் கடன் கொடுத்துவிட்டு ஐம்பது வயதில் வசூலுக்கு வருகிற ஈட்டிக்காரன்.

யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. 1924ல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற 33 வயதுத் தொழிலாளி இறந்தபோதே டாக்டர் வில்லியம் குக் இதைப் பதிவு செய்தார். 1965ல் லண்டனில், ஆலைக்கே போகாத மனைவிமார்களுக்கும் மீசோதீலியோமா வந்தது தெரிந்தது. அவர்கள் செய்த குற்றம், கணவரின் உடுப்பைத் துவைத்தது. பிரிட்டன் முழுசாகத் தடை போட்டது 1999ல். நெல்லியின் மரணத்துக்கும் தடைக்கும் நடுவே 75 வருஷம்!

நம் நாட்டில் ஷீட்டுக்குப் பயன்படுகிற வெள்ளை ரகத்துக்குத் தடை இல்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதுவும் புற்றுநோய் தரும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1995லேயே சொல்லியிருக்கிறது. 40 என்ற எண்ணிலேயே வியாதியின் குணம் தெரிகிறதல்லவா?

சரி, ரூமைக் காலி பண்ணணுமா? அவசரமில்லை. உடையாமல், உதிராமல் தலைக்கு மேல் கிடக்கிற ஷீட்டால் ஆபத்து குறைவு. நாரை சிமெண்ட் பிடித்து வைத்திருக்கிறது. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும்தான் விடுதலையாகிறது. ஆகவே கேபிள் ஒயருக்காக ஷீட்டில் டிரில் போடாதீர்கள். உடைந்த துண்டை வறட்டு விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் எடுங்கள். கர்சீஃப் கட்டினால் போதும் என்பது வெறும் மன ஆறுதல். மெக்கானிக் பழைய வண்டியின் பிரேக் டிரம்மை 'உஃப்' என்று ஊதினால் தள்ளி நில்லுங்கள். அவரையும் ஊத வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத் தனிக் கணக்கு. அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979ல் வெளியிட்டார்கள். இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் சாகிற வாய்ப்பு ஆஸ்பெஸ்டாஸால் மட்டும் சுமார் 5 மடங்கு; சிகரெட்டால் மட்டும் சுமார் 11 மடங்கு; இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். கூட்டல் இல்லை சார், பெருக்கல்!

கூரையை மாற்றுவது ஹவுஸ் ஓனர் கையில். சிகரெட் உங்கள் கையில்.