காணாமல் போன மார்ச் 31

கணக்கை வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்து, கருப்புத் திரையில் ஒரு வரி தட்டி ரிப்போர்ட் எடுக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. 2003-ல் ஜான் வீக்லி எழுதிய லெட்ஜர்தான் முன்னோடி. 2007-ல் சைமன் மைக்கேல் ஆரம்பித்த எச்லெட்ஜர் அதற்குத் தம்பி மாதிரி. வண்டன்மேட்டில் எங்கள் ஏலத்தோட்டக் கணக்கு ஓடுவது இந்தத் தம்பியில்தான். அண்ணன் மகன் அங்கே தட்டுவான், நான் மஸ்கட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட் எடுப்பேன். 'செலவு:கூலி' என்று தமிழிலேயே தலைப்பு வைக்கலாம், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும் :-)

2023 ஏப்ரலில் வருஷக் கணக்கு எடுத்தேன். 'பிகின்' ஆப்ஷனில் 2022 ஏப்ரல் 1, 'எண்ட்' ஆப்ஷனில் 2023 மார்ச் 31. புத்தடி ஏலத்தில் கடைசியாகப் போன காய்க்கு 86,400 ரூபாய் வரணும். ரிப்போர்ட்டில் இல்லை! போனைப் போட்டு "அந்தப் பணம் எங்கேண்ணா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட தொனி சரியில்லை, எனக்கே தெரியும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன் தம்பி" என்றார். பணம் மார்ச் 31 அன்றே ஏறியிருந்தது. ஃபைலிலும் பையன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான்.

விஷயம் இதுதான். வங்கியில் ஸ்டேட்மெண்ட் எடுத்தால் ஃப்ரம், டூ இரண்டு தேதியுமே உள்ளே வரும். லெட்ஜரிலும் எச்லெட்ஜரிலும் எண்ட் தேதி சேராது, முந்தின நாளோடு நின்றுவிடும். மார்ச் 31 வேண்டுமானால் ஏப்ரல் 1 என்று கொடுக்கணும். இதில் நியாயமும் இருக்கிறது. ஒரு மாசம் முடிகிற தேதியும் அடுத்த மாசம் தொடங்குகிற தேதியும் ஒன்றே ஆகிவிடுவதால் நடுவில் எந்த நாளும் விழாது, இரண்டு தடவை ஏறவும் செய்யாது. டெபாசிட்டுக்கு வட்டி போடும்போது போட்ட நாளைச் சேர்த்து, எடுக்கிற நாளை விட்டுத்தானே எண்ணுகிறோம்? அதை இருபது வருஷமாகச் செய்கிற நானே இங்கே கோட்டை விட்டேன் (பி.காம். வேறு!).

'கிளியர்டு' ஆப்ஷன் இன்னொரு வம்பு. நட்சத்திரக் குறி போட்ட பதிவை மட்டும்தான் அது எடுக்கும். கம்பத்திலிருந்து ஜீப்பில் வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை கையில் கொடுக்கிற கூலிக்கு எங்கள் பையன் குறி போடுவதில்லை. அந்த ஆப்ஷனோடு எடுத்தால் தோட்டம் கொழுத்த லாபம் காட்டும்.

மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ட் தேதி சேராது என்பது அதன் கையேட்டிலேயே இருக்கிறது. என் கட்சி ஒன்றே ஒன்று. எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்று தெரியாத தொகையை அடுத்தவர் முன்னால் நீட்டக் கூடாது. வங்கி ஸ்டேட்மெண்ட்டின் தலையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அச்சாகியிருக்கும், அது சும்மா இல்லை. இதிலும் ரிப்போர்ட்டோடு தட்டிய வரியையும் சேர்த்தே அனுப்பணும்.

இப்போது நான் அனுப்புவதில் முதல் வரி அதுதான். அண்ணன் அதைப் படிப்பதில்லை, பையன் படிக்கிறான். மதினி மட்டும் இன்னும் போனை வாங்கிப் பேசுவதில்லை.